பைத்தான் பங்ஷனைத் திறந்து பார்க்கலாம்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். சி.பி.யு. பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வாரண்டி போய்விடுமோ என்ற பயத்தில் பலரும் அந்த ஆசையை அடக்கிக்கொள்வார்கள். இந்தக் கட்டுரையில் நாம் கழற்றப் போவது பெட்டியை அல்ல. பைத்தான் மொழியில் எழுதி, கம்பைல் ஆகி, மெமரியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பங்ஷனை. இதற்கு ஸ்குரூ டிரைவர் தேவையில்லை. வாரண்டியும் போகாது.

உங்கள் வீட்டில் பிளஸ் 2 படிக்கும் பிள்ளை இருந்தால் பைத்தான் என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். தமிழக அரசின் பிளஸ் 2 கணினி அறிவியல் பாடத்திலேயே இம்மொழி இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் 1989 டிசம்பரில் இதை எழுதத் தொடங்கி, 1991 பிப்ரவரியில் முதல் முறையாக வெளியிட்டார். மலைப்பாம்புக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் டிவி நிகழ்ச்சியில் இருந்து எடுத்த பெயர் இது.

கம்பைல் என்றால் என்ன?

நீங்கள் எழுதும் பைத்தான் புரோகிராமை கம்ப்யூட்டர் அப்படியே இயக்குவதில்லை. முதலில் அதைப் பைட்கோடு என்னும் சிறு சிறு கட்டளைகளாக மாற்றிக்கொள்கிறது. இந்த மாற்றத்தைத்தான் கம்பைல் செய்வது என்கிறோம். பிறகு பைத்தானுக்குள் இருக்கும் விர்ச்சுவல் மெஷின் அந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கிறது.

பலரும் இங்கேதான் ஒன்றை நம்பிவிடுகிறார்கள். கம்பைல் ஆகிவிட்டால் அரைத்த மாவு மாதிரி, அதிலிருந்து அரிசியையும் உளுந்தையும் இனி பிரிக்க முடியாது என்று. சி போன்ற மொழிகளில் இது பெரும்பாலும் உண்மை. பைத்தானில் உண்மை இல்லை. பைத்தானின் பங்ஷன் மளிகைக் கடைப் பொட்டலம் மாதிரி. என்ன பொருள், எத்தனை, எந்தக் கடையில் கட்டியது என்பது வரை அதன் மேலேயே எழுதியிருக்கும். இதனால் நமக்கு லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டையும் கையால் செய்து பார்த்துவிடுவோம்.

தொடங்குவதற்கு முன்

பைத்தான் இலவசம். பைத்தான் டாட் ஆர்க் என்ற தளத்தில் இருந்து இறக்கி இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். கூடவே ஐடில் என்ற புரோகிராமும் வரும். ஸ்டார்ட் மெனுவில் ஐடில் என்று தேடிக் கிளிக் செய்தால் ஒரு விண்டோ திறக்கும். அதில் >>> என்ற குறிக்குப் பக்கத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் விடை அடுத்த வரியில் வந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறேன். டெஃப், ரிட்டர்ன், இம்போர்ட் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களை நீங்கள் ஆங்கில எழுத்தில், அதுவும் சின்ன எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும். ஆனால் வட்டி, அசல், தொகை என்று நாமே வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே டைப் செய்யலாம்! 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3 முதல் இந்த வசதி இருக்கிறது. தமிழ் கீபோர்டு வசதி இல்லாதவர்கள் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் குறையாது. நான் கொடுத்துள்ள விடைகள் பைத்தான் 3.12க்கு உரியவை. வேறு பதிப்பில் சில எண்கள் கொஞ்சம் மாறி வரலாம்.

முதல் பங்ஷன்

கீழே உள்ளதை டைப் செய்யுங்கள். முதல் வரியின் முடிவில் முக்காற்புள்ளி இருக்கிறது, கவனம். கடைசி வரிக்குப் பிறகு இரண்டு முறை என்டர் தட்டுங்கள்.

டெஃப் வட்டி(அசல், வீதம், ஆண்டு=1):
    தொகை = அசல் * வீதம் * ஆண்டு / 100
    ரிட்டர்ன் தொகை

இப்போது வட்டி(10000, 8) என்று கேட்டால் 800.0 என்று விடை வரும். ஆண்டு எத்தனை என்று நாம் சொல்லவில்லை. அதனால் ஒன்று என்று அதுவே எடுத்துக்கொண்டது.

சரி, மூடியைக் கழற்றுவோம். டிர்(வட்டி) என்று டைப் செய்யுங்கள். டிர் என்பதற்கு டி, ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகள். திரையில் ஒரு நீளமான பட்டியல் கொட்டும். எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் இரண்டு அடிக்கோடு, பின்னால் இரண்டு அடிக்கோடு இருக்கும். பயப்படாதீர்கள். முக்கால்வாசி நமக்கு வேண்டாதவை. __நேம்__, __டிஃபால்ட்ஸ்__, __கோட்__, __குளோஷர்__ ஆகிய நான்கை மட்டும் தேடிப் பிடியுங்கள். ஸ்பெல்லிங் சந்தேகம் வந்தால் இந்தப் பட்டியலைப் பார்த்தே டைப் செய்யலாம்.

வட்டி.__நேம்__ என்று கேட்டால் 'வட்டி' என்று வரும். இதில் அதிசயம் இல்லை. வட்டி.__டிஃபால்ட்ஸ்__ என்று கேட்டால் (1,) என்று வரும். ஆண்டு=1 என்று நாம் எழுதியதில் அந்த ஒன்று எங்கே போய் உட்கார்ந்தது என்பதற்கு இதுதான் பதில். அடைப்புக்குள் எண்ணுக்குப் பிறகு ஒரு காற்புள்ளி தொங்குகிறதே என்று பார்க்காதீர்கள். ஒரே ஒரு பொருள் உள்ள டியூப்பிளை பைத்தான் அப்படித்தான் எழுதும்.

உள்ளறை: __கோட்__

முக்கியமான அறை இதுதான். அடிக்கடி நீளமாக டைப் செய்யாமல் இருக்க ஒரு சின்னப் பெயர் வைத்துக்கொள்வோம்.

க = வட்டி.__கோட்__

இந்தக் க என்பதுதான் கம்பைல் ஆன சரக்கு. இதற்குள் உள்ள பண்புகள் எல்லாம் கோ_ என்று தொடங்கும். அதாவது சி, ஓ என்ற இரண்டு எழுத்து, பிறகு ஓர் அடிக்கோடு. டிர்(க) என்று கேட்டால் இவையும் பட்டியலாக வரும். ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள்.

>>> க.கோ_ஆர்க்கவுண்ட்
3
>>> க.கோ_வார்நேம்ஸ்
('அசல்', 'வீதம்', 'ஆண்டு', 'தொகை')
>>> க.கோ_கான்ஸ்ட்ஸ்
(நன், 100)
>>> க.கோ_நேம்ஸ்
()

முதலில் வந்த 3 என்பது இந்தப் பங்ஷன் வாங்கிக்கொள்ளும் விவரங்களின் எண்ணிக்கை. அசல், வீதம், ஆண்டு என மூன்று. அடுத்தது உள்ளூர் வேரியபிள்களின் பெயர்கள். வெளியில் இருந்து வரும் மூன்றும் முன்னால் வரிசையாக நிற்கின்றன. பங்ஷனுக்குள்ளேயே பிறந்த தொகை கடைசியில் நிற்கிறது. இந்த வரிசை மாறவே மாறாது. ஏன் என்பதற்குக் காரணம் உண்டு, சற்று நேரத்தில் தெரியும்.

மூன்றாவது, மாறிலிகள். நாம் எழுதிய 100 அப்படியே இருக்கிறது. நன் என்பது ஒன்றுமில்லை என்பதற்கான பைத்தான் சொல். பங்ஷனின் விளக்கக் குறிப்புக்கான இடம் அது. நாம் குறிப்பு எதுவும் எழுதாததால் காலியாக இருக்கிறது. நான்காவதான கோ_நேம்ஸ் என்பது பங்ஷன் வெளியில் போய்த் தேடும் பெயர்கள். பிரிண்ட் போன்ற ஒன்றை உள்ளே கூப்பிட்டிருந்தால் அது இங்கே வந்திருக்கும். நம் வட்டி யாரையும் கூப்பிடவில்லை.

இன்னும் இரண்டு உண்டு. கோ_பைல்நேம் என்பது எந்த பைலில் இருந்து வந்தது என்பது. கோ_பர்ஸ்ட்லைன்நோ என்பது எந்த வரியில் தொடங்கியது என்பது. உங்கள் புரோகிராமில் தவறு வந்தால் இந்த பைலில், இந்த வரியில் தவறு என்று பைத்தான் சிவப்பு எழுத்தில் சரியாகச் சொல்கிறதே, அதற்கு எப்படித் தெரிகிறது என்று யோசித்ததுண்டா? இந்த உள்ளறையில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துத்தான் சொல்கிறது.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. இதை எழுதிப் பாருங்கள்.

டெஃப் நாள்():
    ரிட்டர்ன் 24 * 60 * 60

ஒரு நாளைக்கு எத்தனை விநாடி என்ற கணக்கு. இதன் கோ_கான்ஸ்ட்ஸ் என்ன என்று கேளுங்கள். (நன், 86400) என்று வரும். நாம் எழுதிய 24ஐயும் காணோம், 60ஐயும் காணோம். கம்பைல் செய்யும்போதே பெருக்கி விடையை எழுதி வைத்துவிட்டது. அதனால் வேகம் குறையுமோ என்று பயந்து 86400 என்று மொட்டையாக எழுத வேண்டிய அவசியமில்லை. 24 * 60 * 60 என்று படித்தால் புரிகிற மாதிரி எழுதுங்கள். புத்தகங்கள் இதைச் சொன்னாலும், கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வருகிறது!

கட்டளைகளைப் படிப்பது

கோ_கோட் என்று ஒரு பண்பு இருக்கிறது. அதில்தான் பைட்கோடு இருக்கிறது. நம் வட்டி பங்ஷனுக்கு மொத்தம் 28 பைட். அதைக் கேட்டால் மனிதன் படிக்க முடியாத கிறுக்கலாக வரும். அதைப் பிரித்துச் சொல்லத் தனியாக ஒரு மாட்யூல் உண்டு.

>>> இம்போர்ட் டிஸ்
>>> டிஸ்.டிஸ்(வட்டி)

டிஸ் என்பதற்கு டி, ஐ, எஸ். இப்போது வரிசையாகக் கட்டளைகள் வரும். தொடக்கத்தில் வரும் ரெஸ்யூம் என்பதை விட்டுவிடுங்கள், அது பைத்தானின் சொந்த வேலை. மற்றவற்றைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: அசலை எடுத்து வை. வீதத்தை எடுத்து வை. இரண்டையும் பெருக்கு. ஆண்டை எடுத்து வை. பெருக்கு. 100ஐ எடுத்து வை. வகு. வந்ததைத் தொகையில் போடு. தொகையை எடுத்து வை. திருப்பிக் கொடு.

எடுத்து வை என்றால் எங்கே? ஸ்டாக் என்ற அடுக்கின் மேல். கல்யாண வீட்டில் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள் அல்லவா? வைப்பதும் மேலே, எடுப்பதும் மேலே. பெருக்கு என்றால் மேலே உள்ள இரண்டை எடுத்து, பெருக்கி, விடையைத் திரும்ப மேலே வைப்பது. நம் கணக்கில் ஒரே நேரத்தில் அடுக்கில் இரண்டுக்கு மேல் இருந்ததே இல்லை. கோ_ஸ்டாக்சைஸ் என்று கேட்டுப் பாருங்கள், 2 என்று வரும்.

அசலை எடுத்து வை என்ற கட்டளைக்குப் பக்கத்தில் 0 என்றும், வீதத்துக்குப் பக்கத்தில் 1 என்றும் எண்கள் இருப்பதைக் கவனித்தீர்களா? பங்ஷன் ஓடும்போது பைத்தான் பெயரைத் தேடுவதே இல்லை. கோ_வார்நேம்ஸ் வரிசையில் எத்தனையாவது என்ற எண்ணை வைத்து நேராக எடுத்துவிடுகிறது. வரிசை மாறாது என்று முன்னால் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மறக்காத பட்டியல்

இதெல்லாம் வேடிக்கைக்குத்தானா, உபயோகம் உண்டா என்று கேட்பீர்கள். புதிதாக பைத்தான் படிப்பவர்கள் எல்லோரையும் ஒரு முறையாவது குழப்பும் ஒரு விஷயத்தை இந்த வழியில் பார்ப்போம். மளிகைப் பட்டியலில் பொருளைச் சேர்க்க ஒரு பங்ஷன்:

டெஃப் சேர்(பொருள், பட்டியல்=[]):
    பட்டியல்.அப்பெண்ட்(பொருள்)
    ரிட்டர்ன் பட்டியல்

பட்டியல் தராவிட்டால் காலிப் பட்டியலில் தொடங்கு என்பது நம் எண்ணம். சேர்("அரிசி") என்றால் ['அரிசி'] என்று வருகிறது. நல்லது. அடுத்து, புதிதாக இன்னொரு பட்டியல் என்று நினைத்து சேர்("பருப்பு") என்று கேட்கிறோம். ['அரிசி', 'பருப்பு'] என்று வருகிறது! அரிசி எங்கிருந்து வந்தது?

புரோகிராமை எத்தனை முறை படித்தாலும் தெரியாது. உள்ளே பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். சேர்.__டிஃபால்ட்ஸ்__ என்று கேளுங்கள்.

(['அரிசி', 'பருப்பு'],)

காலிப் பட்டியல் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பதில்லை. டெஃப் என்ற வரி ஓடும்போது ஒரே ஒரு முறை பிறந்து, பங்ஷனோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. பிறகு எல்லோரும் அதே பட்டியலில்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். பட்டியல்=நன் என்று வைத்து, உள்ளே போய் நன் ஆக இருந்தால் புதுப் பட்டியல் செய்துகொள் என்று எழுதுவதுதான் சரியான வழி.

பங்ஷனுக்குள் பங்ஷன் எழுதுபவர்களுக்கு __குளோஷர்__ பயன்படும். இதைப் பாருங்கள்:

டெஃப் கழிவு(சதவீதம்):
    டெஃப் கணக்கு(விலை):
        ரிட்டர்ன் விலை - விலை * சதவீதம் / 100
    ரிட்டர்ன் கணக்கு

தீபாவளி = கழிவு(10)

தீபாவளி(1000) என்றால் 900.0. கழிவு பங்ஷன் எப்போதோ முடிந்துபோனது. பின் அந்தப் 10 எங்கே இருக்கிறது? தீபாவளி.__குளோஷர்__[0].செல்_கன்டென்ட்ஸ் என்று கேட்டால் 10 என்று சொல்லும். தீபாவளி.__நேம்__ என்ன என்றும் கேட்டுப் பாருங்கள். 'கணக்கு' என்றுதான் வரும். நாம் வைத்த செல்லப் பெயர் அதற்குத் தெரியாது, பிறந்தபோது வைத்த பெயர்தான் தெரியும்.

கடையில் நடந்தது

இனி ஆபத்தான பக்கத்துக்கு வருவோம். என் மாமா ஒருவர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த பைத்தான் புரோகிராமில்தான் பல வருடமாக பில் போடுகிறார். எழுதியவர் மூல பைலைத் தரவில்லை. கம்பைல் ஆன பைல்களை மட்டும் கொடுத்திருந்தார். பி, ஒய், சி என்ற மூன்று எழுத்தில் முடியும் பைல்கள் அவை. கேட்டதற்கு, பாதுகாப்புக்காக லாக் செய்து தந்திருக்கிறேன் என்றாராம். பிறகு அவருடைய போன் நம்பரே மாறிவிட்டது.

2025 செப்டம்பர் 22 முதல் சமையல் பாத்திரங்களுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 1500 ரூபாய் எவர்சில்வர் குடத்துக்கு வரி 180 ரூபாயாக இருந்தது, இனி 75 ரூபாய்தான். புரோகிராமோ பிடிவாதமாக 180 போட்டுக்கொண்டிருந்தது. “ஏம்ப்பா, நீ இன்ஜினியர்தானே, இதைத் திறக்கவே முடியாதா?” என்று மாமா கேட்டார். “பார்க்கிறேன் மாமா” என்று போல்டரை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டேன்.

வரிக் கணக்கு தனியாக ஒரு பைலில் இருந்தது. புரோகிராம் ஓடும் அதே பைத்தான் பதிப்பில் அதை இம்போர்ட் செய்தேன். பதிப்பு வேறாக இருந்தால் மேஜிக் நம்பர் சரியில்லை என்று பைத்தான் மறுத்துவிடும். உள்ளே டாக்ஸ் என்று ஒரு பங்ஷன். அதன் __டிஃபால்ட்ஸ்__ என்ன என்று கேட்டால், (12,).

மேலே வட்டியில் பார்த்த அதே இடம்! இதில் ஒரு வசதி உண்டு. __கோட்__ உள்ளறையில் இருக்கும் கோ_ பண்புகளை நாம் மாற்ற முடியாது, படிக்க மட்டும்தான் அனுமதி என்று பைத்தான் சொல்லிவிடும். ஆனால் __டிஃபால்ட்ஸ்__ பங்ஷனின் மேல் இருப்பது, மாற்றலாம். நீங்களும் வட்டி.__டிஃபால்ட்ஸ்__ = (5,) என்று கொடுத்து, வட்டி(10000, 8) எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 4000.0 என்று வரும்.

மூன்றே வரியில் ஒரு சின்ன பைல் எழுதினேன். முதல் வரி வரி மாட்யூலை இம்போர்ட் செய்யும். இரண்டாவது வரி டாக்ஸ் பங்ஷனின் டிஃபால்ட்டை (5,) ஆக்கும். மூன்றாவது வரி பில் புரோகிராமைத் தொடங்கும். டெஸ்க்டாப்பில் உள்ள ஐகான் இந்தச் சின்ன பைலைக் கூப்பிடும்படி செய்தோம். பில் சரியாக வந்தது. இது ஒட்டுப் போட்ட வேலைதான். மூல பைலோடு வேறு புரோகிராம் வாங்குவதே முறை என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அன்று என்னைத் திடுக்கிட வைத்தது வரி அல்ல. அதே போல்டரில் முதலாளியின் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பங்ஷன் ஒன்றும் இருந்தது. பில்லைக் கேன்சல் செய்ய, தள்ளுபடி கொடுக்க, பழைய கணக்கைத் திருத்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பாஸ்வேர்ட். அதன் கோ_கான்ஸ்ட்ஸ் என்ன என்று கேட்டேன். பாஸ்வேர்ட் பளிச்சென்று வந்து நின்றது. மாமா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “கல்லாவில் உட்காரும் பையனும் இதைப் பார்க்க முடியுமா?” என்றார். முடியும். அதற்கு பைத்தான் கூடத் தெரிந்திருக்க வேண்டாம். அந்த பைலை நோட்பேடில் திறந்தாலே போதும். கிறுக்கல்களுக்கு நடுவே ஆங்கில எழுத்தில் உள்ள சொற்கள் எல்லாம் அப்படியே தெரியும்.

பெரிய நிறுவனங்களின் அனுபவம்

இந்தக் கதவை மூட முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. பைல்களை இன்டர்நெட்டில் சேமித்து வைக்க உதவும் டிராப்பாக்ஸ் புரோகிராம் பைத்தானில் எழுதப்பட்டது. அந்நிறுவனம் பைத்தானையே மாற்றியமைத்தது. பைட்கோடை மறையாக்கம் செய்தது, கட்டளை எண்களைக் கலைத்துப் போட்டது, கோ_கோட் என்ற பண்பை யாரும் கேட்க முடியாதபடி எடுத்தும்விட்டது. அப்படி இருந்தும் 2013இல் அமெரிக்காவில் நடந்த யூசெனிக்ஸ் அமைப்பின் வூட் கருத்தரங்கில் இரண்டு ஆய்வாளர்கள் அதை எப்படித் திறந்து படித்தோம் என்று கட்டுரையே வாசித்தார்கள். இத்தனை ஏற்பாடும் தாங்கவில்லை என்றால், வெறுமனே கம்பைல் செய்து கொடுப்பதைப் பூட்டு என்று எப்படிச் சொல்வது?

ஆகவே நீங்களோ உங்கள் பிள்ளைகளோ எழுதும் புரோகிராமில் பாஸ்வேர்டை எழுதி வைக்காதீர்கள். இ-மெயில் அனுப்பும் புரோகிராம் என்றால், ஓடும்போது கேட்டு வாங்கிக்கொள்ளும்படி செய்யுங்கள். இதற்கு கெட்பாஸ் என்ற மாட்யூல் பைத்தானிலேயே இருக்கிறது. டைப் செய்யும் எழுத்துகள் திரையில் தெரியாது. ஆனால் ஐடில் விண்டோவில் இது சரியாக வேலை செய்யாது, எழுத்துகள் தெரியும். கமாண்ட் பிராம்ப்ட்டில் ஓட்டிப் பாருங்கள்.

மாமாவின் கடை போல, யாரோ டைப் செய்யும் பாஸ்வேர்ட் சரியா என்று பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால், பாஸ்வேர்டைச் சேமிக்கவே வேண்டாம். ஹாஷ்லிப் மாட்யூலில் உள்ள பிபிகேடிஎஃப்2_ஹெச்மேக் என்ற பங்ஷன், பாஸ்வேர்டில் இருந்து ஒரு ஹாஷ் செய்து தரும். அதிலிருந்து பாஸ்வேர்டை நேராகப் பின்னோக்கிக் கணக்கிட வழியில்லை. ஒவ்வொன்றாக யூகித்துப் பார்ப்பதும், பாஸ்வேர்ட் நீளமாக இருந்தால், வெகு சிரமம். ஹாஷை மட்டும் சேமித்தால் போதும். இதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பாஸ்வேர்ட் என்ன என்பது தெரியாதே தவிர, நாம் டாக்ஸ் பங்ஷனை மாற்றியது போல, விவரம் தெரிந்தவர் சரிபார்க்கும் பங்ஷனையே மாற்றி வைத்துவிடலாம். கம்ப்யூட்டர் அவர் கையில் இருக்கும்வரை அதைத் தடுக்க முடியாது.

இன்னொன்று. கம்பைல் ஆன பைலை நண்பருக்கு அனுப்பும்போது, கோ_பைல்நேம் உள்ளே இருப்பதை நினைவில் வையுங்கள். சி டிரைவில் யூசர்ஸ் என்ற போல்டருக்குள் உங்கள் பெயரில் ஒரு போல்டர் இருக்கிறது அல்லவா? அந்த முழு முகவரியும் பைலோடு சேர்ந்து போகும். பெரிய ஆபத்து இல்லை என்றாலும், தெரிந்து அனுப்புவது நல்லது. அதே போல, முன்பின் தெரியாதவர் அனுப்பிய பைலை உள்ளே பார்க்கலாமே என்று இம்போர்ட் செய்யாதீர்கள். இம்போர்ட் செய்வது என்றால் அதை ஓட்டுவது என்றே அர்த்தம். பங்ஷனுக்கு வெளியே எழுதியிருக்கும் கட்டளைகள் எல்லாம் அப்போதே நடந்துவிடும். மாமாவின் பைல் கடையில் தினமும் ஓடுவது என்பதால்தான் துணிந்தேன்.

செய்து பாருங்கள்

பழைய புத்தகங்களில் __கோட்__ என்பதற்குப் பதில் பங்க்_கோட் என்று இருக்கலாம். அது பைத்தான் 2இன் பெயர். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எண்ணிக்கை சொல்லும் லென் பங்ஷனிடம் __கோட்__ என்ன என்று கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று பிழை வரும். அது சி மொழியில் எழுதி, நேராக இயந்திர மொழிக்கு மாற்றியது. பைட்கோடே கிடையாது. அப்படியானால் ராண்டம் என்ற மாட்யூலை இம்போர்ட் செய்து, அதில் உள்ள ராண்டம் பங்ஷனையும் ராண்டிண்ட் பங்ஷனையும் இதே போலக் கேட்டுப் பாருங்கள். ஒன்று திறக்கும், ஒன்று திறக்காது. திறப்பதன் கோ_நேம்ஸில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். தாயக்கட்டை உருட்டும் வேலையை அது யாரிடம் தள்ளிவிடுகிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும்.